விட்டதைத் திரும்பி வந்து எடுப்பது

ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 195 கோடியே 35 லட்சத்து 25 ஆயிரத்து 168 செக்டர்கள் இருக்கின்றன. செக்டர் என்பது 512 பைட் கொண்ட ஒரு துண்டு. இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட்டாக எழுதினாலும், வெளியே கணக்குக் காட்டுவது 512 என்றுதான். டிஸ்க் போய்விட்டது என்று நாம் தலையில் கை வைத்து உட்காரும் நாளில், பல சமயம் இவற்றில் சில ஆயிரம் செக்டர்கள்தான் படிக்க முடியாமல் போயிருக்கும். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அது மொத்தம் 5 மெகாபைட். முழு டிஸ்க்கில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, அப்பாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர், ஆறு வருஷக் கணக்கு வழக்கு எல்லாம் எழுதிய இடத்திலேயே அப்படியே கிடக்கின்றன. ஆனாலும் கணினி டிஸ்க்கைத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

இது ஏன் என்று புரிய, நன்றாக ஓடும் டிஸ்க் எப்படிப் படிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடியிலோ அலுமினியத்திலோ செய்த வட்டத் தட்டு. அதன் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. மேசைக் கணினிகளில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. தட்டின் வெளி ஓரம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம் இழுத்துவரும் காற்றின் மேல்தான் படிக்கும் ஹெட் மிதக்கிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. சில பத்து அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். அங்கிருந்து மிக நுண்ணிய காந்தத் திட்டுகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று உணர வேண்டும். 1988இல் பிரான்ஸில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ருன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த ராட்சதக் காந்தமின்தடை என்ற விளைவு இதற்குக் கை கொடுத்தது. மிக மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை, சிறு காந்தப்புலத்துக்கே பெரிதாக மாறும். 1997இல் ஐபிஎம் அதை டிஸ்க்கின் ஹெட்டுக்குள் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, 2007இல், அந்த இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு.

இவ்வளவு செய்தும் ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் 0, 1 என்று பளிச்சென்று இருக்காது. பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகள் ஒன்றோடு ஒன்று கலந்த ஓர் அலையாக வரும். இப்படிப்பட்ட அலை வருவதற்கு எந்த பிட் வரிசை எழுதப்பட்டிருக்க அதிக வாய்ப்பு என்று டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு ஒரு முடிவுக்கு வருகிறது. ஒவ்வொரு செக்டரோடும் பிழை திருத்தும் குறியீடு கொஞ்சம் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துத் தவறிப்போன பிட்டுகளைச் சரிசெய்கிறது. புத்தம் புதிய டிஸ்க்கிலும் இது ஓயாமல் நடக்கிறது. நாம் ஒரு பாட்டைத் தட்டிக் கேட்கும்போது வருவது, ஊகித்துத் திருத்திச் சரிபார்த்த பிறகு கைக்கு வந்த பாட்டு. எனக்கு இந்த இயந்திரத்தில் மிகப் பெரிய வியப்பு இதுதான்.

பழுதான செக்டர் என்றால், அந்தக் குறியீட்டின் சக்திக்கு மேலே பிழை போய்விட்ட செக்டர். அதனால் படிக்க முடியவில்லை என்ற பதில் முடிந்த முடிவாக இருக்க வேண்டியதில்லை. ஹெட் ஒரு துளி நகர்ந்து, வெப்பம் சற்று மாறி, அடுத்த சுற்றில் அலை கொஞ்சம் தெளிவாக வந்தால் அதே செக்டர் ஒரு பிட் குறையாமல் கிடைக்கும். இந்த நம்பிக்கையில் டிஸ்க் விடாமல் முட்டிப் பார்க்கிறது. தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிநொடி. ஒரே செக்டரோடு பத்து நொடி போராடினால், அந்த இடம் ஹெட்டின் கீழ் 1200 தடவை வந்து போகிறது. சாதாரண வீட்டு உபயோக டிஸ்க்குகள் இப்படிப் பல நொடிகள் போராடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பொதுவாக ஒரு கட்டளைக்கு 30 நொடி வரை பொறுத்திருக்கும். பிறகு இணைப்பையே மீட்டமைக்கப் பார்க்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நல்ல நிலையில் நொடிக்கு 100 மெகாபைட் வீதம் ஒரு டெராபைட் முழுவதையும் மூன்று மணி நேரத்துக்குள் நகல் எடுத்துவிடலாம். பழுதான பத்தாயிரம் செக்டர்களில் ஒவ்வொன்றும் பத்து நொடி தின்றால், அந்த 5 மெகாபைட்டுக்கு மட்டும் 27 மணி நேரத்துக்கு மேல் போகும். அவ்வளவு நேரமும் சுழன்று, சூடேறி, நொந்துபோன ஹெட் இன்னும் நோகிறது. ஒரு ஃபோல்டரைத் திறக்கப் போய் நடுவில் அப்படி ஒரு செக்டர் மாட்டிக்கொண்டால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாமும் திரும்பத் திரும்பக் கிளிக் செய்வோம். டிஸ்க்கைக் கொல்வது பல சமயம் முதல் பழுது இல்லை, அதன் பிறகு நாம் ஆசையோடு செய்யும் முயற்சிகள்.

இப்படிப்பட்ட டிஸ்க்கை மீட்க லினக்ஸ் உதவுவதற்குக் காரணம் அதன் பழைய யுனிக்ஸ் குணம். செருகிய டிஸ்க்கை அது டெவ் என்ற கோப்புறையில் ஒரு ஃபைல் போலக் காட்டும். உள்ளே ஃபோல்டர் உண்டா, பெயர்கள் உண்டா, விண்டோஸில் எழுதியதா, மேக்கில் எழுதியதா என்ற எந்தக் கேள்வியும் இல்லாமல், பூஜ்யத்தில் தொடங்கி கடைசி பைட் வரை ஒரே நீளமான எண் வரிசையாகப் படிக்கலாம். வேறு இயங்குதளங்களிலும் இதற்கு வழி உண்டு. லினக்ஸில் அது வாசல் கதவு. சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிவிட்டால், பழுதான டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் வேலையை ஆரம்பிக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது டிஸ்க்கின் வாக்குமூலத்தைக் கேட்பது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைப் பற்றி ஸ்மார்ட் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை அதைக் காட்டும். 5ஆம் எண், எத்தனை செக்டர்களைக் கைவிட்டு உதிரி இடத்துக்கு மாற்றியாயிற்று என்று சொல்லும். 197ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை எத்தனை என்று சொல்லும். கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்றவை பூஜ்யமாக இருந்தால், பழுது பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்காது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

197 நூற்றுக்கணக்கில் நின்றால் அடுத்த கருவி குனு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ தியாஸ் தியாஸ் 2004இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். டிஸ்க்கை அப்படியே ஒரு பெரிய ஃபைலாக நகலெடுப்பதுதான் அதன் வேலை. அந்த நகலை இமேஜ் என்பார்கள். யுனிக்ஸில் 1970களிலிருந்தே இருக்கும் டிடி என்ற கட்டளையும் நகல்தான் எடுக்கிறது. ஆனால் அது முதல் செக்டரிலிருந்து வரிசையாகப் போகும், பழுது வந்தால் நின்றுவிடும், அல்லது நாம் சொல்லிவைத்தால் ஒவ்வொரு பழுதோடும் மல்லுக்கட்டிக்கொண்டே ஊர்ந்து போகும். தேர்வுக் கூடத்தில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுது, தெரியாததற்கு இடம் விட்டுவிட்டுப் போ, கடைசியில் திரும்பி வா என்று நம் ஆசிரியர்கள் சொல்லி அனுப்புவார்களே, டிடிரெஸ்க்யூவின் அறிவு முழுவதும் அந்த ஒரு புத்திமதியில் அடங்கும்.

அது எப்படிச் செயல்படுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்பது தகும். முதல் ஓட்டத்தில் 64 கிலோபைட் அளவுத் துண்டுகளாக வேகமாகப் படித்துக்கொண்டு போகிறது. ஒரு துண்டு இடித்தால் அதோடு நின்று போராடுவதில்லை; கொஞ்ச தூரம் தாண்டிக் குதித்து அப்பால் படிக்கிறது. அங்கேயும் இடித்தால் தாண்டும் தூரத்தை இரட்டிப்பாக்குகிறது. காரணம், பழுதுகள் கூட்டமாக இருக்கும். ஹெட் உரசிய கீறலில் ஒரு செக்டர் போனால் பக்கத்தில் இருப்பவையும் போயிருக்கும். அடுத்த ஓட்டம் திசையை மாற்றி, கடைசியிலிருந்து பின்னோக்கி வருகிறது. முன்னால் போகும்போது அவசரத்தில் தாண்டிய நல்ல செக்டர்கள் இப்போது மறுபக்கத்திலிருந்து அகப்படும். இப்படி இரு பக்கமும் நெருங்கி வந்தபின், பழுதான பகுதிகளின் ஓரங்களைச் செக்டர் செக்டராகச் செதுக்குகிறது. அதன்பின் நடுவில் மிஞ்சியவற்றைச் சுரண்டுகிறது. எல்லாம் ஆன பிறகு, நாம் விரும்பினால் மட்டும், படிக்காமல் போனவற்றை மறுபடி மறுபடி முயல்கிறது. டிஸ்க் எந்த நிமிடம் முழுதாகச் செத்தாலும், அந்த நிமிடம் வரை எடுக்கக்கூடியதில் மிகப் பெரும்பகுதி கையில் வந்திருக்கும்.

இவ்வளவையும் நினைவில் வைக்க அது ஒரு சின்ன எழுத்து ஃபைலை எழுதிக்கொண்டே வருகிறது. பெயர் மேப் ஃபைல். சாதாரண எடிட்டரில் திறந்து பார்க்கலாம். ஒரு வரிக்கு மூன்று விஷயம்: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன நிலை. நிலையைச் சொல்ல ஒரே ஒரு குறி. '+' என்றால் எடுத்தாயிற்று. '?' என்றால் இன்னும் தொடவில்லை. '*' என்றால் தாண்டிப் போன இடம், ஓரம் செதுக்க வேண்டும். '/' என்றால் ஓரம் செதுக்கியாயிற்று, உள்ளே சுரண்ட வேண்டும். '-' என்றால் படிக்க முடியவில்லை. சில கிலோபைட்டில் ஒரு டெராபைட்டின் நோய்க்குறிப்பு. மின்சாரம் போனாலும், டிஸ்க் தொங்கிப்போனாலும், ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரே சிடியின் இரண்டு பிரதிகள் உங்களிடம் இருந்து, இரண்டும் வேறு வேறு இடத்தில் கீறலாகி இருந்தால், முதல் சிடியை எடுத்த மேப் ஃபைலைக் கொடுத்தே இரண்டாவதையும் படிக்கச் சொல்லலாம். முதலாவதில் '-' விழுந்த இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து முழு சிடியைச் சேர்த்துவிடும்.

இந்தக் கட்டளையில் ஒரு ஆபத்து உண்டு, அழுத்திச் சொல்ல வேண்டும். எதிலிருந்து எடுப்பது, எதில் எழுதுவது என்று இரண்டு பெயர்களை வரிசையாகக் கொடுக்கிறோம். வரிசை மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்படும். டிஸ்க்குகளின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் திரையில் பட்டியலிட்டுப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே என்டர் தட்ட வேண்டும்.

எந்தக் கட்டளையும் உதவாத நிலையும் இருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். தூசியில்லா அறையில் திறந்து பார்க்கும் நிபுணர்களின் வேலை அது. சர்க்யூட் போர்டை மட்டும் அதே மாடல் டிஸ்க்கிலிருந்து மாற்றினால் போதும் என்ற யோசனையும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிப்பதில்லை. அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் தொழிற்சாலையில் அளந்து வைத்த தனிக் கணக்குகள் பழைய போர்டில் உள்ள சிப்பில் இருக்கும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். குளிர்ந்த தட்டை நம் ஊர் ஈரக் காற்றுக்குக் கொண்டுவந்தால் நீர் பூக்கும். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட் அந்த நீரில் மோதும்.

இமேஜ் கையில் வந்துவிட்டால் மனம் இலேசாகிவிடும். இனி எல்லாச் சோதனையும் நகலின் மேல்தான். அதையும் எழுத முடியாதபடி, படிக்க மட்டுமே திறக்க வேண்டும். லினக்ஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் அமைப்பான இஎக்ஸ்டி4 இதில் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறது: படிக்க மட்டும் என்று சொல்லித் திறந்தாலும், பாதியில் நின்ற எழுத்து வேலைகளைத் தன் குறிப்பேட்டிலிருந்து எடுத்து முடித்து வைக்கப் பார்க்கும். குறிப்பேட்டைத் தொடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

பல சமயம் இமேஜ் அப்படியே திறந்துகொள்ளும். திறக்காவிட்டாலும், இந்த அமைப்பைக் கட்டியவர்கள் இந்த நாளை முன்பே யோசித்திருக்கிறார்கள். இஎக்ஸ்டி4 பகுதி ஒன்றில் 1024ஆவது பைட்டில் சூப்பர்பிளாக் தொடங்குகிறது. மொத்தம் எவ்வளவு இடம், எப்படிப் பிரித்திருக்கிறது என்ற அடிப்படைத் தகவல் அதில்தான். அது அழிந்தால் முழுப் பகுதியும் அர்த்தமில்லாத எண்களாகிவிடும். அதனால் டிஸ்க் முழுக்க அதன் பிரதிகளைத் தூவி வைத்திருக்கிறார்கள். இடத்தைக் குழுக்களாகப் பிரித்து, 1ஆவது குழுவிலும், அதன்பின் 3, 5, 7 ஆகிய எண்களின் அடுக்குகளான குழுக்களிலும் ஒவ்வொரு பிரதி: 3, 5, 7, 9, 25, 27, 49 என்று. முதலில் நெருக்கமாக, போகப் போக வெகுதூரத்தில். தொடக்கத்தில் 100 மெகாபைட் நாசமானாலும் முதல் பிரதி 128 மெகாபைட் தள்ளி 32768ஆவது பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி, இமேஜின் இன்னொரு நகலின் மேல், பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டலாம். விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸும் தன் தொடக்கச் செக்டரின் பிரதியைப் பகுதியின் கடைசியில் வைத்திருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் இப்படிப்பட்ட பிரதிகளைத் தேடிப்பிடித்து, தொலைந்த பார்ட்டிஷன் பட்டியலையே மறுபடி எழுதித் தரும்.

பெயர்களும் ஃபோல்டர்களும் முழுதாக அழிந்துவிட்டால்கூட வழி மூடுவதில்லை. கிரெனியேவின் இன்னொரு மென்பொருளான ஃபோட்டோரெக் பெயர்களைத் தேடுவதே இல்லை. ஒவ்வொரு செக்டரின் தொடக்கத்தையும் பார்க்கிறது. 255, 216, 255 என்ற மூன்று எண்கள் வரிசையாக வந்தால் அங்கே ஜேபெக் படம் ஒன்று தொடங்குகிறது. 37, 80, 68, 70 வந்தால் பிடிஎஃப். 80, 75, 3, 4 வந்தால் ஜிப். வேர்டும் எக்செல்லும் இப்போது சேமிக்கும் ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப்தான். அந்த 80, 75 இரண்டும் ஜிப் வடிவத்தை உருவாக்கிய பில் கட்ஸின் பெயர் முதலெழுத்துகள். அவர் 2000இல் இறந்துவிட்டார். உலகத்தில் இன்று சேமிக்கப்படும் வேர்டு ஆவணங்கள் அவர் கையெழுத்தோடு தொடங்குகின்றன.

இப்படித் தேடுவதில் ஒரு பெரிய நிபந்தனை இருக்கிறது: ஃபைல் துண்டு துண்டாகச் சிதறாமல் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதன் அருமையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதில் செனான் வாயுவின் பிசுபிசுப்பை, எடையற்ற நிலையில், அதன் மாறுநிலைப் புள்ளிக்கு அருகே அளக்கும் சோதனை ஒன்று நடந்திருந்தது. தகவலில் ஒரு பகுதி பறக்கும்போதே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது. மீதி ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மாதங்கள் கழித்து, வற்றிய ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் கிடைத்தது. பிளாஸ்டிக் உருகி, போர்டு கருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. தட்டுகள் மட்டும் வளையவில்லை. அமெரிக்காவின் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றைச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கில் பொருத்தி 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். சோதனையின் கணினி டாஸில் ஓடியது. தகவலைத் தட்டெங்கும் சிதறவிடாமல் ஒரே பக்கமாக எழுதியிருந்தது. சேதம் பட்ட இடத்தில் எழுத்து இல்லை. 2008இல் அந்தச் சோதனையின் முடிவுகள் ஃபிசிக்கல் ரிவ்யூ ஈ என்ற ஆய்விதழில் வெளியாயின. ஏழு உயிர்களோடு போன பயணத்தின் அறிவியலில் ஒரு பங்கு இப்படி வீடு திரும்பியது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்தக் கதை பாதிக்கு மேல் பொருந்தாது. அதில் ஒரு ஃபைலை அழித்தால், அந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் டிரிம் என்ற கட்டளையால் சொல்லிவிடுகிறது; பல லினக்ஸ்களில் வாரம் ஒருமுறை தானாகவே நடக்கும். அதன்பின் அங்கே படித்தால் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான். ஃபோட்டோரெக் தேட எதுவும் இருக்காது.

மீட்டவற்றைத் திறந்து பார்க்கும்போது இன்னொரு கேள்வி வரும். படங்களின் பெயர்கள் போய்விட்டன; ஃபோட்டோரெக் தான் எந்தச் செக்டரில் கண்டெடுத்ததோ அந்த எண்ணையே பெயராக வைத்திருக்கும். எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே எக்சிஃப் குறிப்பாக இருப்பதால் அவற்றை வரிசைப்படுத்திவிடலாம். பெயரோடு மீண்ட ஃபைல்களில்தான் சிக்கல். பத்தாயிரம் செக்டர் கிடைக்கவில்லையே, அவை எந்தெந்த ஃபைலின் வயிற்றில் இருந்தன? இமேஜில் அந்த இடங்கள் வெறும் பூஜ்யங்களாக இருக்கும். ஃபைலின் பெயரும் அளவும் சரியாகவே தெரியும். திறந்து பார்க்கும் வரை குறை வெளியே வராது.

டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறை இதற்காகவே இருக்கிறது. மேப் ஃபைலில் '-' விழுந்த இடங்களில் மட்டும், நாம் கொடுக்கும் ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதி இமேஜை நிரப்பச் சொல்லலாம். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஏதாவது ஒன்று. பிறகு இமேஜைத் திறந்து, எல்லா ஃபைல்களுக்குள்ளும் அந்தச் சொற்றொடரைத் தேடும்படி சொன்னால் போதும். அகப்படும் பட்டியல்தான் சேதமான ஃபைல்களின் பட்டியல். அதில் வீடியோ இருந்தால் ஒரு நொடி தடுக்கிவிட்டு மீண்டும் ஓடக்கூடும். ஜேபெக் இருந்தால் மேல் பாதியில் முகங்கள் சரியாக இருந்து, கீழே நிறம் கலைந்து சாம்பல் பட்டையாகிவிடலாம். ஜிப்பாகச் சுருக்கிய வேர்டு ஆவணம் திறக்கவே மறுக்கலாம். அதை ஜிப் பழுதுபார்க்கும் கருவியில் கொடுத்தால் உள்ளே இருக்கும் எழுத்துகளையாவது பல சமயம் எடுத்துவிடலாம். சொற்றொடர் எந்த ஃபைலிலும் அகப்படாவிட்டால், போன செக்டர்கள் காலி இடத்திலோ டிஸ்க் தன் நிர்வாகத்துக்கு வைத்திருந்த இடத்திலோ விழுந்திருக்கின்றன. பெயரோடு மீண்ட உங்கள் ஃபைல்கள் அத்தனையும் முழுசாக இருக்கின்றன.